காங்கேயத்துக் காட்டை விற்றுக் காளப்பட்டியில் வில்லா வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் இருபது வருடமாகப் பவர் டேபிள் (தையல் மெஷின்) யூனிட் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். வயது 52. பல்லடம் ரோட்டில் சொந்த வீடு இருக்கிறது. மகன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான், பெண் பார்க்கிறோம். பெண் வீட்டார் முதலில் கேட்பதே ‘கோயமுத்தூர்ல வீடு இருக்குதுங்களா?’ என்பதுதான். காளப்பட்டிப் பக்கம் ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் வில்லா பார்த்தோம். மொத்தம் 64 வீடுகள். எங்களுக்குக் காட்டியது 5 சென்ட் இடத்தில் 2,900 சதுர அடி வீடு, விலை 2 கோடியே 40 லட்சம். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், ஜிம் எல்லாம் வரும் என்கிறார்கள். வேலை பாதி முடிந்திருக்கிறது. கையில் 70 லட்சம் உண்டு. காங்கேயம் பக்கம் இருக்கும் 3 ஏக்கர் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலம்) விற்றால் 90 லட்சம் வரும். மீதி 80 லட்சம் லோன். இந்த வாரத்துக்குள் 40 லட்சம் கட்டினால் விலை குறைப்பதாகச் சொல்கிறார்கள். தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் இன்னொரு வில்லா 1.75 கோடிக்கு வருகிறது. அம்மாவுக்குக் காட்டை விற்பதில் இஷ்டமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்:

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் தொழில் இருக்கிறது, மகன் இருக்கிறார், அம்மா இருக்கிறார், பெண் வீட்டார்கூட இருக்கிறார்கள். அந்த வீட்டில் குடியிருக்கப்போவது யார் என்பது மட்டும் இல்லை. நீங்கள் யூனிட்டை விட்டுவிட்டு வர முடியாது. மகனுக்கு வேலை பெங்களூரில். இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுப்பது என் தொழில். எந்த வீட்டைப் பார்த்தாலும் மண் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. உங்கள் வில்லாவையும் அப்படியே பிரிப்போம். அந்தப் பக்கத்தில் அப்ரூவல் வாங்கிய சைட் சென்ட் 16 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் 5 சென்ட் 80 லட்சம். கட்டடத்துக்கு நல்ல தரத்திலேயே சதுர அடிக்கு 2,800 ரூபாய் போடுவோம், 2,900 அடிக்கு 81 லட்சம் சொச்சம். இரண்டும் சேர்ந்து 1 கோடியே 61 லட்சம். அவர்கள் கேட்பது 2 கோடியே 40 லட்சம். நடுவில் நிற்கும் 79 லட்சம் எங்கே போகிறது? உள் ரோடு, சுற்றுச்சுவர், கிளப் ஹவுஸ், குளம், விளம்பரம், அவர்கள் வாங்கிய கடனுக்கு வட்டி, லாபம். இதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரம் என்றால் அப்படித்தான். ஆனால் விலையில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பெயரில் பத்திரமாகாத விஷயங்களுக்குப் போகிறது. (சென்ட் விலையையும் கட்டுமான விலையையும் நீங்களே நேரில் விசாரித்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.)

சில வருடங்களுக்கு முன் அவிநாசி ரோட்டுக்கு வடக்கே இப்படி ஒரு வளாகத்தில் ஒன்பது வருடப் பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். வாங்க வந்தவர் லோன் கேட்டிருந்தார், அதற்காக வங்கி என்னை அனுப்பியது. வீட்டுக்காரர் நல்ல மனுஷர், இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் மண்ணுக்கு அன்றைய விலையைப் போட்டேன், கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்தேன். கான்கிரீட் வீட்டுக்கு 60 வருட ஆயுள் வைத்து, கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று கணக்கிட்டால் வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் கழியும். ஒன்பது வருடத்துக்குப் பதின்மூன்றரை சதவீதம். தொகையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏனுங்க, கிளப் ஹவுசுக்கு ஒண்ணுமே போடலீங்களா?” அது உங்க பேர்ல இல்லீங்களே என்றேன். அந்தக் கிளப் ஹவுஸ் பூட்டிக் கிடந்தது. குளத்தில் தண்ணீர் இல்லை, யாரோ உள்ளே பாய் விரித்து வடகம் காயப் போட்டிருந்தார்கள்.

அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அதே புரொமோட்டர் பக்கத்திலேயே அடுத்த ஃபேஸ் விற்றுக்கொண்டிருந்தார். புது வீடு, புது மாடல், லோனுக்கு அவர்களே ஆள் வைத்து ஓடுகிறார்கள். பழைய வீட்டுக்காரர் அதோடு போட்டி போட வேண்டும். விற்கிற சரக்கு புரொமோட்டர் கையில் தீரும் வரைக்கும் உள்ளே வாங்கியவர் நல்ல விலைக்கு விற்பது கஷ்டம். துணி வியாபாரத்தில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாடகைக்கு விடலாமே என்பீர்கள். அந்தப் பக்கம் இந்த அளவு வில்லாவுக்கு 38,000 ரூபாய் வாடகை வந்தால் வருடத்துக்கு 4 லட்சத்து 56 ஆயிரம். போட்ட பணத்தில் 1.9 சதவீதம். 80 லட்சம் லோனுக்கு எட்டரை சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 78,800 ரூபாய் வரும். வாடகை அதில் பாதிகூட வரவில்லை. போதாததற்கு உங்கள் கணக்கில் கிரயச் செலவே இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் கிரயம் ஆனால் 21 லட்சத்துக்கு மேல். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்பதால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கி முடித்த வீடாக இருந்தால் அது கிடையாது. 2.40 கோடிக்குள் இதெல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயில் ‘எல்லாம் சேர்த்துத்தானுங்க’ என்பார்கள்.

இனி கேட் விஷயம். ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் ரோடும் பார்க்கும் குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று நினைக்கிறோம். எந்த வகையில் அப்ரூவல் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது அது. லேஅவுட்டாக, அதாவது தனித்தனி மனைகளாகப் பிரித்து, அப்ரூவல் வாங்கியிருந்தால் உள் ரோடு முழுவதையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். காளப்பட்டி மாநகராட்சிக்குள் இருப்பதால் அந்த ரோடு மாநகராட்சி ரோடு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் என்றால் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானம் கொடுத்தே ஆக வேண்டும். 5 சென்ட் வீதம் 64 வீடு என்றாலே 3.2 ஏக்கர், அதுவே ஏறக்குறைய 13,000 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. எனவே உங்களுக்குப் பெருமையாகக் காட்டிய ‘சில்ரன்ஸ் பார்க்’ அநேகமாக அந்தத் தானம் கொடுத்த இடம்தான். பொது இடம். அதை வழிமறித்துக் கேட் போட்டு, செக்யூரிட்டி உட்கார்ந்து, வருகிறவனிடம் ஓ.டி.பி. கேட்பது யாரும் மனுப் போடாத வரைக்கும் நடக்கும்.

குரூப் டெவலப்மென்ட்டாக, அதாவது மொத்த இடத்தையும் ஒரே கட்டுமானத் திட்டமாகக் காட்டி, வாங்கியிருந்தால் கதை வேறு. உள் ரோடு பொதுவாகக் குடியிருப்பவர்களுடையது, கேட் உறுதியாக நிற்கும். ஆனால் உங்களுக்குக் கிரயம் ஆவது பெரும்பாலும் மொத்த இடத்தில் பிரிபடாத பாகம், அதாவது எல்லை பிரிக்காத ஒரு பங்கு. 5 சென்டுக்கு நான்கெல்லை போட்டுத் தனிப் பட்டா கிடைக்குமா என்று கேளுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் பட்டா என் பேரில் இருந்தால்தான் தூக்கம் வரும். நாளைக்கு மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும் என்றாலும் இதில் தனியாக முடிவெடுக்க முடியாது. ஆகவே அப்ரூவல் வரைபடத்தைக் கையில் வாங்கி, கிளப் ஹவுஸ் எந்த இடத்தில், அந்த இடம் யார் பெயரில் என்று பாருங்கள். புரொமோட்டர் அதைத் தனி சைட்டாகத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பிறகு மெம்பர்ஷிப் கட்டணம் கேட்ட இடங்கள் எனக்குத் தெரியும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பொது இடங்களைக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது புரொமோட்டரின் கடமை. அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அவர்கள் கேட்கும் 40 லட்சத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன், கொடுக்காதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 2016-ஆம் வருட ரெரா சட்டம். உங்களுக்கு அது 24 லட்சம். அதைக்கூட ரெரா பதிவு எண்ணை இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அங்கே ஏற்றியிருக்கும் வரைபடமும் உங்களிடம் காட்டியதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்ட பிறகு கொடுங்கள். ‘கொஞ்சம் கையில் கொடுத்தால் குறைப்போம்’ என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சொத்து வாங்க 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அது ஒரு பக்கம். வேலை இழுத்துக்கொண்டே போனால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ரசீது இல்லாத பணத்துக்கு அந்த உரிமையை எப்படி நிரூபிப்பீர்கள்? அப்புறம், விளம்பரப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் நீச்சல் குளம் என்று இருந்து, கடைசியில் இல்லாமல் போனால் நஷ்ட ஈடு கேட்க அதுதான் சாட்சி. வீட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டட அமைப்பில் குறை தெரிந்தால் அவர்கள் செலவிலேயே சரி செய்ய வேண்டும்.

‘பேங்க் அப்ரூவல் இருக்குதுங்க, டாக்குமெண்ட் எல்லாம் கிளியர்’ என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். வங்கிக்காக அந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வங்கி பார்ப்பது தன் கடன் திரும்பி வருமா என்பதைத்தான். உங்கள் 1 கோடியே 60 லட்சத்துக்கு அது பொறுப்பில்லை. உங்கள் செலவில் உங்கள் வக்கீலை வைத்துத் தாய்ப் பத்திரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். காளப்பட்டியாகட்டும் சரவணம்பட்டியாகட்டும், இன்றைக்கு வில்லா நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் தோட்டம். சாளையும் (தோட்டத்து வீடு) கிணறுமாக இருந்தவை. விற்றபோது அண்ணன் தம்பி கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அக்கா தங்கை போட்டார்களா? ‘சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன பாத்தியம்’ என்பது நம் பக்கத்துப் பேச்சு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-ல் மத்திய அரசின் திருத்தம், 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை உறுதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. கோவைப் பகுதியில் நான் பார்த்த வழக்குகளில் பாதி, பெண் மக்களிடம் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) வாங்காமல் விட்டதால் வந்தவை. வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். உங்கள் கொறங்காட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும். உங்களுக்கு அக்கா தங்கை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா காலத்துச் சொத்தாக இருந்து அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு. அவர் இஷ்டமில்லை என்பது வெறும் மனக்குறை இல்லை, கையெழுத்து விஷயமும்கூட.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் போர் ஆயிரம் அடி போவது புதிதில்லை. அவ்வளவு ஆழத்தில் வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று வாளியில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 64 குடும்பம், தோட்டம், குளம் எல்லாவற்றுக்கும் எவ்வளவு தேவை, குடிநீர் இணைப்பு எழுத்தில் கிடைத்துவிட்டதா, ‘வரும்’ என்கிற நிலையா? அதே புரொமோட்டர் முன்பு கட்டி முடித்த வளாகம் ஒன்றின் பெயரைக் கேட்டு வாங்கி, ஒரு வேலை நாளில் காலை ஆறு மணிக்கு அங்கே போய் எதிரே டீக்கடையில் உட்காருங்கள். எத்தனை தண்ணி லாரி உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். சித்திரை மாதமாக இருந்தால் இன்னும் நல்லது.

பராமரிப்புச் செலவு, சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் உங்களுக்கு மாதம் 11,600. நீங்கள் பூட்டி வைத்தாலும் கட்டியாக வேண்டும். மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், குளத்து மோட்டார் இவை புதிதாக இருக்கும் முதல் சில வருடம் செலவு தெரியாது. புரொமோட்டர் கை கழுவிப் போய், சங்கம் பொறுப்பெடுத்த பிறகு ரிப்பேர் ஆரம்பிக்கும். அப்போது 64 வீட்டில் பத்துப் பேர் சந்தா கட்டமாட்டார்கள். சங்கத் தலைவராக யாரும் வரமாட்டார்கள், வந்தவரை எல்லோரும் திட்டுவார்கள்.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்து வில்லாவை விட்டுவிடுங்கள். மலையடிவாரக் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகின்றன, அதற்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் அங்கே இரவில் யானை வருகிறது. விளம்பரத்தில் மலை மட்டும்தான் தெரியும்.

இவ்வளவும் படித்துவிட்டு வில்லா வாங்குகிறவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கணவன் மனைவி இருவரும் கோவையிலேயே வேலைக்குப் போய், சின்னக் குழந்தைகள் இருந்து, பதினைந்து வருடம் அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு அந்த 79 லட்சம் வீண் இல்லை. பிள்ளைகள் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவார்கள், ராத்திரி பத்து மணிக்குப் பெண்கள் நடக்கப் போவார்கள். அதை அனுபவிக்கிறவர்கள் விலை கொடுக்கலாம். என் சொந்தக்காரர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார், நான் தடுக்கவில்லை. உங்கள் வீட்டில் அதை அனுபவிக்க ஆள் இல்லை. வெள்ளையடித்துப் பூட்டிய வீட்டுக்கு மாதம் 78,800 தவணையும் 11,600 பராமரிப்பும் கட்டப்போகிறீர்கள். ஆர்டர் குறைந்த மாதத்தில் பவர் டேபிள் யூனிட்டுக்கு 90,000 ரூபாய் என்றால் என்ன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று ஏக்கர் கொறங்காடு, கிளுவை வேலி உயிரோடு இருந்தால் அதற்குப் பராமரிப்புச் சந்தா கிடையாது, தேய்மானமும் கிடையாது. ஒரு நாள் விற்றே ஆக வேண்டும் என்றாலும் ஒரு வசதி உண்டு: காங்கேயம் நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலம் என்றால் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வில்லாவை விற்றால் அந்தச் சலுகை கிடையாது. உங்கள் காடு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று ஆடிட்டரிடம் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேட்டு வையுங்கள், எப்போதாவது உதவும்.

பெண் பார்க்கிற விஷயத்துக்கு நான் ஆலோசகன் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். ‘கோயமுத்தூர்ல வீடு இருக்குதுங்களா’ என்று கேட்பவர்கள் அடுத்ததாக ‘தோட்டம் எவ்வளவுங்க’ என்று கேட்காமல் விடமாட்டார்கள். காட்டை விற்று வீடு வாங்கினால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும், இரண்டாவதற்குப் பதில் போய்விடும். லோன் எவ்வளவு என்ற மூன்றாவது கேள்வியும் வந்து சேரும்.

கோவையில் ஒரு இடம் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் கையில் இருக்கும் 70 லட்சத்துக்குள் முடிப்பதைப் பாருங்கள். கிரயச் செலவுக்கு ஆறு லட்சம் ஒதுக்கிவிட்டு, அதே பக்கத்தில் அப்ரூவல் வாங்கிய லேஅவுட்டில் 4 சென்ட் சைட் கிடைக்கிறதா என்று தேடலாம். கார்னர் சைட் கேட்டு விலையை ஏற்றிக்கொள்ளாதீர்கள். மகனுக்குக் கல்யாணமாகி, அந்தப் பெண்ணின் வேலை எந்த ஊரில் என்று தெரிந்த பிறகு அதில் கட்டுவதா, விற்பதா என்று முடிவு செய்யட்டும். இல்லை, வில்லாதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால் ஏழெட்டு வருடம் ஆகி, சங்கம் ஒழுங்காக ஓடும் வளாகத்தில் ரீசேல் பாருங்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, சங்கத்தின் வரவு செலவைக் காட்டுகிறார்களா, இரண்டும் கண்ணுக்குத் தெரியும். அதற்கும் காட்டைத் தொட வேண்டாம்.

இந்த வாரம் அவர்கள் போன் செய்வார்கள், இரண்டு வீடுதான் பாக்கி என்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் இரண்டு வீடுதான் பாக்கி இருக்கும். மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடல் வீட்டுக்குப் போய் வாருங்கள். அம்மாவுக்கு வாங்கச் சம்மதம் வருமா என்பதற்காகச் சொல்லவில்லை. குலதெய்வக் கோயில் கெடா வெட்டுக்கு வரும் நாற்பது சொந்தக்காரர்கள் எங்கே கார் நிறுத்துவார்கள் என்று அந்த விற்பனைப் பையனிடம் நம் யாரையும்விட அவர்தான் சரியாகக் கேட்பார்.